எட்டில் ஒருத்தி

பக்கம் நானூற்றுப் பதினாறில் நான்கு வரி கூடிவிட்டது.

நான் மெய்ப்பு பார்ப்பவன். கலைக்களஞ்சியத்தின் ஆறாம் தொகுதி நான்கு மணிக்கு அச்சகத்துக்குப் போக வேண்டும். மூன்று மணிக்குத்தான் கவனித்தோம்.

அது என் மனைவி எழுதிய பக்கம். ஒரே பெயர் கொண்ட எட்டுப் பெண்கள். ஒரு ராணி, ஒரு துறவி, இரண்டு கவிஞர்கள், ஒரு வானியலாளர், காவியத்தில் வரும் ஒருத்தி, நோயாளிகளுக்கு விடுதி கட்டிய ஒருத்தி, பறவைகளைப் பற்றி எழுதிய ஒருத்தி.

அவள் போய் ஐந்து மாதம் ஆகிறது.

பதிப்பாசிரியர் என் மேசையருகே வந்து நின்றார். எதைக் கொடுத்தாலும் வெட்டுவதால் அலுவலகத்தில் அவருக்குக் கத்திரி என்று பெயர். அது அவருக்கும் தெரியும். இன்று குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினார்.

"எட்டுல ஒண்ணு பொய்தானே தம்பி, அதைத் தூக்கிட்டா இடம் சரியாயிடும். எதுன்னு உன்கிட்டயாவது சொல்லியிருக்குமே அந்தப் பொண்ணு?"

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு தொகுதியிலும், உலகத்தில் பிறக்கவே பிறக்காத ஒருவரைப் பற்றி ஒரு குறிப்பைச் சேர்ப்போம். யாராவது எங்கள் புத்தகத்தை அப்படியே நகலெடுத்தால் அந்த ஆளும் கூடவே போய்க் காட்டிக்கொடுத்துவிடுவார். அது எந்தக் குறிப்பு என்பது எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும். ஓர் உறையில் எழுதி ஒட்டி, தொகுதி அச்சுக்குப் போகும் நாளில் கொடுக்க வேண்டும்.

இந்த முறை அந்த வேலை அவளுக்கு வந்தது. இந்தப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறாள் என்பதுவரை எல்லாருக்கும் தெரியும். உறை வரவில்லை.

சொல்லவில்லை என்றேன். அது உண்மை.

கத்திரி கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துச் சொல்லு என்று போய்விட்டார்.

அந்த எட்டுப் பேரும் சில மாதங்கள் எங்கள் வீட்டில் இருந்தார்கள். மாலையில் வீங்கிய கால்களை என் மடியில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு வம்பு சொல்வதுபோல அவர்களைப் பற்றிச் சொல்வாள். ராணி இன்றைக்கு ஆறு வரி கேட்டு அடம்பிடிக்கிறாளாம், ஆண்டதென்னவோ பதினோரு மாதம்தான். துறவியம்மா ஒரு வரி போதும் என்று ஒதுங்கிக்கொண்டாராம். கவிஞர்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் போட முடியாது, வயிற்றெரிச்சலில் பக்கமே பொசுங்கிவிடும்.

எது பொய் என்று கேட்டேன்.

"நீயே கண்டுபிடி. கண்டுபிடிச்சிட்டா நீ சொன்னதே இருக்கட்டும், இல்லாட்டி நான் சொன்னதுதான்."

அப்படித்தான் பந்தயம் ஆரம்பித்தது. நான் வானியலாளரைச் சொன்னேன். உதட்டைப் பிதுக்கினாள். காவியத்தில் வருபவள் எப்படியும் பொய்தானே என்றேன். தலையணை பறந்து வந்தது. விடுதி கட்டியவளைச் சொன்னபோது, பொய் அவ்வளவு பளபளப்பாக இருக்கக் கூடாது, பேருந்தில் ஜன்னலோரம் பேசாமல் உட்கார்ந்து வருபவர் மாதிரி இருக்க வேண்டும் என்று பாடம் எடுத்தாள்.

நான்காவது தடவை சொல்ல நாள் இல்லாமல் போயிற்று.

இந்தப் பக்கத்தை மூன்று முறை திருத்தியிருக்கிறேன். கொம்பும் காலும் புள்ளியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். படிக்கவில்லை. என் வேலை அப்படி.

இப்போது படித்தேன்.

எட்டாவது குறிப்பு சரியாக நான்கு வரி.

'ஆற்றோரப் பறவைகளைப் பற்றிக் குறிப்புகள் எழுதியவர். 1852 ஜூன் 9 அன்று பிறந்தார். தந்தை அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஒரு நாளும் நோய் என்று படுத்ததில்லை. தொண்ணூற்றொரு வயது வரை வாழ்ந்தார்.'

கலைக்களஞ்சியத்தில் யாரும் ஒருவரைப் பற்றி நோய் என்று படுத்ததில்லை என்று எழுதுவதில்லை. அவள் எழுதியிருக்கிறாள். கத்திரிகூட விட்டிருக்கிறார்.

ஜூன் ஒன்பது.

அந்தத் தேதி என் பர்சில் இருக்கிறது. மருத்துவமனைச் சீட்டில், பிரசவம் எதிர்பார்க்கும் நாள் என்ற இடத்தில் டாக்டர் எழுதியது.

பெண்தான் என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. பெயரில்தான். அவள் சொன்ன பெயர் இந்தப் பக்கத்தின் தலைப்பில் இருந்தது.

மே மாதக் கடைசியில், ஒரே காலையில், இருவரும் போனார்கள். பெண் குழந்தை என்று நர்ஸ் சொன்னார்.

கண்டுபிடித்துவிட்டேன். பந்தயப்படி குழந்தைக்கு நான் சொன்ன பெயர்தான்.

சிவப்புப் பேனாவை எடுத்து ராணியை அடித்தேன்.

கத்திரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ராணியா, நானே நம்பிவிட்டேனே என்றார். பதினோரு மாதம் நிஜமாகவே ஆண்டவள். அவளுக்கு வேறு புத்தகங்கள் இருக்கின்றன.

ஆறு வரி போனதால் இப்போது இரண்டு வரி காலியாக இருந்தது. ஏதாவது போட்டு நிரப்பிக் கொடு என்றார். மணி மூன்று நாற்பத்தைந்து.

எட்டாவது குறிப்பின் கீழே எழுதினேன்.

'இக்குறிப்புகளை வரிசைப்படுத்தியவர் இவருடைய தாய். எண்பத்தாறு வயது வரை மகளுடனேயே இருந்தார்.'