பூத்த வயலில் டிராக்டர்

கண்ணுக்கெட்டிய வரை குறுவை நெல் பச்சை கட்டி நிற்க, பிரகதீஸ்வரியின் ஒன்றரை ஏக்கரில் மட்டும் உரத்துக்கென்று விதைத்த தக்கைப்பூண்டு ஆளுயரம் வளர்ந்து, மஞ்சளாய்ப் பூத்துக் காலை வெயிலில் அசைகிறது. அதை மடக்கி உழ வந்த டிராக்டர் வரப்போரம் உறுமிக்கொண்டே நிற்கிறது. பூத்த பயிருக்குள் வண்டியை விட ஓட்டுநருக்கு மனம் வரவில்லை. பக்கத்து வயல்காரர் இராஜாங்கம் குடையை மடக்கிக்கொண்டு கத்துகிறார். "ஏம்மா, ஊரே நெல்லு போட்டிருக்கு. நீ மட்டும் ஒரு போகத்தை மண்ணுல புதைக்கிறியே, உன்னைக் கேக்க ஆளில்லையா?"

"கேக்குற ஆளும் நாந்தாண்ணே. நெல்லு மேல நெல்லாப் போட்டு மண்ணு செத்துக் கெடக்கு. இனிமே வருஷா வருஷம் முதல்ல இது, அப்புறம் சம்பா, அதுக்கப்புறம் உளுந்து. அஞ்சு வருஷம் கழிச்சு யாரு வயலு வெளையுதுன்னு பாத்துக்கலாம்."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் பூண்டுக்குள் இறங்குகிறாள். இரு கையாலும் தண்டுகளைச் சாய்க்கிறாள். வியர்த்த கழுத்தில் இதழ்கள் ஒட்டுகின்றன. "வாங்க தம்பி, விடுங்க வண்டிய!" என்று ஒதுங்கி வழிவிடுகிறாள். டிராக்டர் உள்ளே இறங்க, பச்சைத் தண்டுகள் சேற்றில் நெரிபடும் வாசனை எழுகிறது. இராஜாங்கத்தின் வயலில் நின்ற கொக்குகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி, அவள் வயலின் உழுத மண்ணில் வந்து இறங்குகின்றன.