பக்கத்து வீட்டு நெல்லி

ரம்பம் இழுபடும் சத்தம் கேட்டதும் அவள் கரண்டியை வாணலியிலேயே விட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஏணியில் ஒரு ஆள் நின்றிருந்தான். ஒரு கிளை ஏற்கெனவே தரையில் கிடந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கீழே பக்கத்து வீட்டுத் தனபாக்கியம்.

வெட்டுவது தனபாக்கியத்தின் நெல்லிமரத்தை.

இத்தனை வருஷத்தில் அது ஒரு காய் காய்த்ததில்லை. ஊறுகாய் போட வேண்டாம், கண்ணால் பார்க்கக்கூட ஒன்று கிடையாது. காய்க்காத மரம் எதற்கு, மகன் காருக்கு ஷெட்டாவது போடலாம் என்று போன வாரமே சொல்லிக்கொண்டிருந்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று இவள் நினைத்தாள்.

மதிலுக்கு இந்தப் பக்கம் இருப்பது இவளுடைய மரம்.

அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இவளுக்கு அடுப்பு மறந்துவிடும். கார்த்திகை பிறந்தால் பாரம் தாங்காமல் கிளைகள் மதில்மேல் சாயும். ஒவ்வொரு காயும் எலுமிச்சை அளவு என்பாள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறாள். சொல்லட்டும்.

பறித்து, ஆவியில் வேகவைத்து, கொட்டை நீக்கி, சுளை சுளையாக உதிர்த்து, வெந்தயமும் கடுகும் வறுத்துப் பொடித்துப் போட்டு, நல்லெண்ணெய் மிதக்க இறக்குவாள். காலனியில் அந்த ஊறுகாய் போகாத வீடு இல்லை. வளைகாப்புச் சீரில்கூட ஒரு பாட்டில் வைக்கிறார்கள். நெல்லிக்காய்க்காரம்மா வீடு எது என்று கேட்டால் சிலிண்டர் போடுகிற பையன் கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்வான். இவள் கணவர் தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் இருந்தவர். அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

அதில் இவளுக்குக் கர்வம். இருக்காதா பின்னே?

மரத்துக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்காத ஆளில்லை.

அரிசி களைந்த தண்ணீர்தான், என்பாள். மனசோடு ஊற்ற வேண்டும், அவ்வளவுதான்.

தனபாக்கியம் அதை நம்பினாள். காலையில் குண்டானோடு வந்து தன் மரத்துக்கு மனசோடு ஊற்றினாள். மரமும் தளதளவென்று வளர்ந்தது. பங்குனியில் பூத்துக் கொட்டியது. காய்க்க மட்டும் மாட்டேன் என்றது.

இவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஐயோ பாவம் என்றுகூட இருந்தது. சொல்ல வாய் வரவில்லை.

இவளுக்குத்தான் தெரியுமே.

கன்று வாங்கிய அன்றே நர்சரிக்காரர் சொன்னார், ஒற்றை நெல்லி சரியாகக் காய்க்காதும்மா, ஜோடியாக வையுங்கள் என்று. வீட்டில் ஒரு மரத்துக்குத்தான் இடம். ஒன்றைத்தான் வைத்தாள். வருஷா வருஷம் பூத்தது, உதிர்ந்தது. இவள் கணவர் அரிவாளைத் தேடிக்கொண்டிருந்த சமயத்தில்தான் பக்கத்து மனையில் தனபாக்கியம் வீடு கட்டிக் குடிவந்தாள். மதிலோரம் ஒரு நெல்லிக் கன்று நட்டாள். அது முதன்முதலில் பூத்த வருஷம் இவள் மரம் காய்த்துக் குலுங்கியது.

அந்த மரத்தில் வருவதெல்லாம் ஆண் பூ. காய் அதற்கில்லை. அதன் மகரந்தம்தான் மதில் தாண்டி வந்து இங்கே காயாகிக்கொண்டிருந்தது.

ரம்பம் அடுத்த கிளைக்கு மாறியது.

சொன்னால் இத்தனை நாள் சேர்த்த பேர் போகும். சொல்லாவிட்டால் அந்த மரம் போகும். அதோடு அடுத்த வருஷம் தன் மரமும் வெறும் பூவோடு நிற்கும்.

சமையலறையிலிருந்து தீய்கிற வாசனை வந்தது. இவள் திரும்பவில்லை.

"நிறுத்துங்க!"

ஏணியில் நின்றவன் பயந்து கிளையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, வெட்டாதீங்க. என் மரம் காய்க்கிறதே உங்க மரத்துப் பூவாலதான். கழனித் தண்ணியெல்லாம் சும்மா. எனக்கு அப்பவே தெரியும்."

எதிர்வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சாயங்காலத்துக்குள் காலனி முழுக்கப் போய்விடும். போகட்டும்.

தனபாக்கியம் தன் மரத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள். மதில்மேல் சாய்ந்து கிடக்கும் காய்களைப் பார்த்தாள். மறுபடி தன் மரத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏணிக்காரனை இறங்கச் சொன்னாள். சம்பந்தி வீட்டார் முன்னால் பேசுகிற குரலில் சொன்னாள்.

திட்டியிருந்தால் இவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். நேற்றுப் போட்ட ஊறுகாயில் ஒரு பாட்டில் எடுத்து வந்து மதிலுக்கு மேலே நீட்டினாள்.

வருஷா வருஷம் கொடுப்பதுதான். தனபாக்கியம் வாங்கிய இடத்திலேயே மூடியைத் திறந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்து, அமிர்தம் என்பாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் இவள் நகர்வாள்.

இன்றும் திறந்தாள். தொட்டாள். நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"உப்பு தூக்கல். அடுத்த தடவை பாத்துப் போடும்மா. நம்ம காய் பேரு கெட்டுடக் கூடாது பாரு."

நம்ம காய்!

இவளுக்கு உச்சந்தலைவரை ஏறியது. மரத்தில் பங்கு கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். கைப்பக்குவத்திலேயே குறை சொல்வதா? விறுவிறுவென்று உள்ளே வந்தாள். ஜாடியைத் திறந்து ஒரு சுளையை வாயில் போட்டாள்.

மென்றாள்.

இன்னொன்று எடுத்துப் போட்டாள்.

உப்பு தூக்கல்தான்.

எத்தனை வருஷமாக என்றுதான் தெரியவில்லை.