புதர்ப் பக்கம் போகாதீங்க

காய்ச்சல் விட்டதும் அலமேலுவை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் மலர்விழி, மாத்திரைகளைக் கையில் கொடுத்தாள்.

“இது உண்ணிக் காய்ச்சல், அக்கா. புதர்ல கண்ணுக்கே தெரியாத பூச்சி இருக்குது. அது கடிச்சா கிருமி உடம்புல எறங்கிடும்.”

“எந்தப் புதர்ல, பாப்பா?”

“கொல்லைய ஒட்டி, எலி ஓடுற புதர்ல ஜாஸ்தி. அங்க உக்காராதீங்க, படுக்காதீங்க.”

“கடிச்சா வலிக்குமா?”

“தெரியவே தெரியாது. உங்க முடிய வெலக்கி வெலக்கிப் பாத்துக்கினே வந்தேன், பொடனியில கறுப்பா காயம் இருந்துது. அத வெச்சிதான் இன்னா காய்ச்சல்னு கண்டுபுடிச்சாங்க.”

அலமேலு பின்னங்கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

“ஒரு தபா வந்தா மறுபடி வராதா?”

“வரும், வரும். ஜாக்கிரதையா இருங்க.”

மலர்விழிக்கு வாயெல்லாம் பல். “சொல்றதக் காதுல வாங்காம ஓடுறவங்கதான் ஜாஸ்தி. நீங்கதான் இவ்ளோ வெவரமா கேக்கிறீங்க. வூட்ல எல்லார்க்கும் சொல்லுங்க.”

“சொல்றேன், பாப்பா.”

அலமேலு தன் ஊரான கரியாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுப் பூட்டைத் திறந்தாள். காய்ச்சலோடு கிளம்பிய அன்று பாதி குடித்து வைத்த தண்ணீர்ச் சொம்பு, வைத்த இடத்திலேயே இருந்தது.

மலர்விழிக்கு முன்னால் தன் தலையைத் தொட்டது யார் என்று யோசித்துப் பார்த்தாள். யாரும் நினைவுக்கு வரவில்லை.

கதவை மறுபடி பூட்டினாள். மரவள்ளிக் கொல்லையை ஒட்டிய புதருக்குள் போனாள். கொண்டையை அவிழ்த்து முடியை விரித்துவிட்டு, தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டாள்.