பச்சை டிக்

"பச்சை டிக் வந்திருச்சு இம்மானுவேலு! 'எல்லாம் சுத்தம்'னு சொல்லுது பாரு. பொறவு எதுக்கு மொத்தத்தையும் அழிக்கணும்ங்கே?"

போட்டோ ஸ்டுடியோ பாண்டிதுரை கம்ப்யூட்டர் திரையைத் தட்டித் தட்டிக் காட்டினார். நேற்று ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் திரையின் உச்சியில் காய்ந்து போயிருந்தது.

ராஜபாளையத்திலிருந்து பைக்கில் பறந்து வந்த இம்மானுவேலுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேரில் பதினைந்து வருஷப் பழக்கம். பச்சை டிக்கைப் பார்த்து மயங்குகிற ஆள் இல்லை.

"இந்த வைரஸ் கிளீனரை எந்த மிஷின்ல எறக்குனிய அண்ணாச்சி?"

"இதுலதான். காலையில பில்லுன்னு ஒரு மெயில் வந்துச்சு, தெறந்தேன். செத்த நேரத்துல ஸ்டுடியோ போட்டோ ஒண்ணுகூட தெறக்கல. பதறிப்போய் நெட்டுல தேடுனேன். இந்தக் கிளீனர் இலவசம்னு போட்டிருந்துச்சு. நானூத்திப் பன்னெண்டு கோளாறாம், எல்லாத்தையும் நீக்கிட்டுதாம்!"

"நீக்கிட்டுல்ல? ஒரு போட்டோவைத் தெறங்க, பாப்போம்."

பாண்டிதுரை தட்டினார். திறக்கவில்லை. இன்னொன்றைத் தட்டினார். அதுவும் அப்படித்தான்.

"உள்ள பூந்தவன் நெனச்சா கிளீனர் கண்ணையே கட்டிருவான். இல்ல, அந்தக் கிளீனரே அவன் ஆளோ என்னமோ! திருடன் கையில சாவியக் குடுத்த கதைதான். மொத்தமா அழிச்சுப் புதுசா ஏத்தணும். பாஸ்வேர்டு அம்புட்டையும் வேற போன்ல இருந்து மாத்தணும். அதான் வழி."

"அழிச்சா, செலினா புள்ள போட்டோ?"

அங்கேதான் பாண்டிதுரைக்குக் குரல் உடைந்தது. மம்சாபுரம் சூசை மகள் செலினாவின் கல்யாணத்தைப் படமெடுத்தது அவர்தான். கல்யாணம் முடிந்த ஒன்பதாம் நாள் சூசை நெஞ்சுவலியில் போய்விட்டார். சர்ச் வாசலில் மகள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் வாய்விட்டுச் சிரித்த படம் உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை. கேமரா கார்டில் அடுத்த கல்யாணம் ஏறிவிட்டது. பதினொரு மணிக்கு ஆல்பத்துக்குப் படம் பொறுக்க அந்தப் பெண் வரப்போகிறாள்.

"வேற காப்பி வைக்கலியா அண்ணாச்சி?"

"ஹார்டு டிஸ்க்குல இருக்கு. தானா ஏறட்டும்னு வருஷம் பூரா மிஷினுக்குப் பின்னாடி சொருகியேதான் கெடக்கும்."

இம்மானுவேல் முகம் சுண்டியது. "சொருகிக் கெடந்தா அதுக்குள்ளயும் பூந்திருக்குமே!"

பாண்டிதுரை நாற்காலியில் சரிந்தார். பெருக்கிக்கொண்டிருந்த அய்யம்மாள் துடைப்பத்தோடு நிமிர்ந்தாள்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம்..."

"நீ வாயத் தொறக்காத! எல்லாம் ஒன் வாய்முகூர்த்தம். நான் மிஷினைப் போடும்போதே 'இன்னைக்கு மறுபூசை போடாமத் தொடாதிய'ன்னே. நேத்து என்னடான்னா லென்ஸ் பூரா குங்குமத்தை அப்பி வச்சிருக்கே. ஒன் சோலி பெருக்கது, அதோட நில்லு!"

பாவம், அவள் சுவரோரமாக ஒதுங்கிவிட்டாள். ஆற்றாமை யார் தலையிலாவது இறங்கத்தானே வேண்டும்!

வாசலில் ஆட்டோ நின்றது. செலினா வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"அப்பா சிரிக்கிற படத்த மொதப் பக்கத்துல பெருசாப் போடணும் அண்ணாச்சி. ஒரு தரம் காட்டுதியளா?"

பாண்டிதுரையால் அவளை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. அந்தப் பச்சை டிக்கை மட்டும் கடைசியாக ஒருமுறை பார்த்தார்.

"அழிச்சிரு இம்மானுவேலு," என்றார். "இத நம்பி இன்னொருத்தர் படத்தையும் இதுல ஏத்த மாட்டேன். இந்தப் புள்ள கால்ல விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்."

இம்மானுவேல் டிஸ்க்கைக் கழற்ற மேஜைக்கு அடியில் குனிந்தான். "அண்ணாச்சி, வயர் மட்டும்தான் தொங்குது. டிஸ்க் எங்க?"

"ஏட்டி அய்யம்மா! இங்கன இருந்த கருப்புப் பொட்டி எங்க?"

அய்யம்மாள் பயந்துகொண்டே பூஜை மூலைக்குப் போய், கேமராக்கள் மேல் போர்த்தியிருந்த பட்டுத்துணியை விலக்கினாள். பொரிகடலைக்கு நடுவில், மேலே சந்தனமும் குங்குமமுமாக அந்தக் கருப்புப் பெட்டி இருந்தது.

"அதுவும் ராப்பகலா ஒழைக்கித பொருள்தானேன்னு நாந்தான் நேத்துக் காலையில உருவி பூசையில வச்சேன். இன்னும் மறுபூசை போடலியா, அதான் எடுத்து மாட்டல அண்ணாச்சி."