புதுப்பிக்காத பக்கம்

"உங்க மெஷின் என்ன தூங்குதா? துறைமுக அட்டவணை நேத்தே மாறிடுச்சாம். இங்க பழைய நேரத்தையே காட்டுது. அதை நம்பி அனுப்பின லாரி காலியா திரும்பி வந்து நிக்குது!" மேனேஜர் கத்தினார்.

நெட்வொர்க் அறைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தச் சரக்கு அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களில் எல்லாரும் இணையம் பார்ப்பது அவருடைய மெஷின் வழியாகத்தான்; திறந்த பக்கங்களின் நகலை அது எடுத்து வைத்துக்கொள்ளும்.

"ஒரு பக்கம் எவ்வளவு நேரம் செல்லுபடியாகும்னு அனுப்புறவங்க சொல்லணும் சார். சொல்லலைன்னா மெஷினே ஊகிச்சுக்கும். இருபது நாளா மாறாத பக்கம்னா, இன்னும் ரெண்டு நாள் மாறாதுன்னு நம்பும். அதுவரைக்கும் திரும்பப் போய்க் கேட்காது, கையில இருக்கிற நகலையே காட்டும்."

"அது நம்பிட்டு உட்கார்ந்திருக்கு, நான் பதில் சொல்லிட்டு நிக்கிறேன். மூணு மணிக்குள்ள அந்த நகல் மொத்தத்தையும் துடைங்க. ஒரு பழைய பக்கம்கூட இருக்கக் கூடாது!"

மணி இரண்டரை.

மற்ற பக்கங்களுக்கெல்லாம் மெஷின்தான் ஊகித்தது. ஒரே ஒரு பக்கத்துக்கு மட்டும் அவரே கையால் கட்டளை போட்டிருந்தார்: இது எப்போதும் புதியது, போய்க் கேட்காதே.

தம்பி வேலை பார்த்த கப்பலின் பக்கம் அது. 'பயணத்தில் உள்ளது' என்றது நகல். உண்மையான பக்கத்திலோ ஒன்பது நாளுக்கு முன்பே வரி மாறிவிட்டது: 'மூழ்கியது. யாரும் மீட்கப்படவில்லை.'

அன்று கப்பல் கம்பெனி போன் செய்தது அவருக்குத்தான். தம்பி மனைவி இதே ஆபீஸில் பில் போடுகிறவள்; ஏழு மாதக் கர்ப்பிணி. மணிக்கொரு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்றே ஒன்பது நாளும் ஓடிவிட்டன.

இனி அரை மணி நேரம்தான். மெஷின் சொல்வதற்குள் அவர் சொல்லியாக வேண்டும். எழுந்து அவள் மேஜைக்குப் போனார்.

திரையில் அந்தப் பக்கம் திறந்திருந்தது. அதன் கீழ் ஓரத்தில், எதுவும் எழுதாத மஞ்சள் ஒட்டுச்சீட்டு ஒன்று.

"சாப்பிட்டியாம்மா?"

"இதைக் கேட்கவா மாமா இவ்வளவு தூரம் வந்தீங்க?" லேசாகச் சிரித்தாள்.

"மூணு மணிக்கு மெஷினைத் துடைக்கிறேன். எல்லாப் பக்கமும் புதுசா வரும். அதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு..."

அவள் சிரிப்பு நின்றது. கை நீட்டி அந்த மஞ்சள் சீட்டை மெல்ல உரித்தாள். அடியில், பக்கம் கடைசியாக மாற்றப்பட்ட தேதி தெரிந்தது. பத்து நாள் பழைய தேதி.

"அன்னைக்கே செல்போன்ல பார்த்துட்டேன் மாமா. இதை மட்டும் துடைச்சிடாதீங்க."