கோட்டுக்கு முப்பது அடி முன்னால்

"நிப்பாட்டு, நிப்பாட்டு. அந்த இடம்தான்" என்றாள் கலாவதி.

கோர்ட்டில் அவர்களுக்காக வாதாட வந்திருந்த தர்மிகா மடிக்கணினியில் வீடியோவை நிறுத்தினாள். பின்னால் வந்த பொலிஸ் காரின் கமெரா எடுத்தது. செல்வரத்தினத்தின் பள்ளிக்கூட வான் நின்றுகொண்டிருந்தது. ஆனால் 'ஸ்டொப்' பலகைக்குக் கீழே இருந்த வெள்ளைக் கோட்டில் அல்ல. முப்பது அடி முன்னாலேயே.

மறுபடி ஓடவிட்டாள். வான் மூன்று வினாடி நின்றது. பிறகு மெல்ல உருண்டு, கோட்டில் நிற்காமல் கடந்து போனது.

"நிண்டிருக்கிறீங்கள், அங்கிள். ஆனா நிக்கத் தேவையில்லாத இடத்திலை."

"ஓம்."

"ஏன்?"

"பழக்கம்."

வழக்குக்குக் கூப்பிட இன்னும் இருபது நிமிடம் இருந்தது. லைசென்ஸில் ஏற்கெனவே மூன்று தண்டனைப் பொயின்ற்ஸ். இன்னும் மூன்று ஏறினால் நாளை முதல் வான் இல்லை. அவர் வேலை செய்யும் கொம்பனியின் விதி அது. நடக்க இயலாத ஆறு பிள்ளைகளை ஒன்பது வருடமாக அவர்தான் ஏற்றி இறக்குகிறார்.

"என்ன பழக்கம் அங்கிள்?"

அவர் மனைவி கலாவதிதான் பதில் சொன்னாள். "சென்றிப் பழக்கம். யாழ்ப்பாணத்திலை ஆமிக்காரன் மறிச்சுச் சோதிக்கிற சென்றிக்குச் சைக்கிள் ஓடிக்கொண்டு போகேலாது. தூரத்திலையே இறங்கி உருட்டிக்கொண்டு போகவேணும். இந்த மனிசன் இப்பவும் எல்லா இடத்திலையும் ரெண்டு தரம் நிப்பார். முதல் தள்ளி, பிறகு கோட்டிலை. அண்டைக்கு ரெண்டாவதை மறந்துபோனார். விட்டால் வானையும் இறங்கி உருட்டுவார்."

தர்மிகா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஓ மை கோட். ஆன்ரி, இதை ஏன் முதலே சொல்லேல்லை?" பேனையை எடுத்தாள். "ஆமிக்காரன்ரை துவக்கு, பயம், முப்பது வருசமாகியும் அது போகேல்லை. பொயின்ற்ஸ் போடாமல் விடச் சொல்லிக் கேக்கலாம். அங்கிள், பயத்திலைதானே நிண்டனீங்கள்?"

"எல்லாரும் பயந்தவைதான்."

"எல்லாரையும் விடுங்கோ. நீங்கள்?"

செல்வரத்தினம் மனைவியைப் பார்த்தார்.

"பிள்ளை தன்ரை வேலையை விட்டிட்டு வந்து நிக்கிறாள்" என்றாள் கலாவதி. "வாய்க்குள்ளை என்ன, கொழுக்கட்டையே? உள்ளதைச் சொல்லுங்கோ. நான் இருக்கிறனெண்டு பாக்காதேங்கோ."

உள்ளே, தர்மிகா நன்றாகத்தான் பேசினாள். துப்பாக்கி முனை, இருபது வயது இளைஞன், உடம்பில் தங்கிவிட்ட பயம். மூன்று மஜிஸ்திரேட்டுகளில் நடுவில் இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்று காலையும் அந்தப் பயம்தான் வந்ததா, மிஸ்டர் செல்வரத்தினம்?"

சொல்லுங்கள் என்பதுபோல் தர்மிகா தலையை அசைத்தாள்.

"இல்லை, மேடம். சந்தோஷம்."

தர்மிகாவின் பேனை நின்றது.

அவர் தன் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். சென்றிக்கு முன்னால் இருநூறு யார் தூரம் நடக்க வேண்டும். ரியூசனுக்குப் போகிற ஒரு பெண்ணும் அங்கேதான் சைக்கிளை விட்டு இறங்குவாள். வேறு எங்கே நின்று கதைத்தாலும் ஊர் பார்க்கும். அங்கே எல்லோரும் ஆமிக்காரனைத்தான் பார்ப்பார்கள். அதனால் அந்த இருநூறு யார் தூரம் மட்டும் அவர்கள் இருவருடையது. பேச்சு அதிகமில்லை. உருட்டும்போது இரண்டு சைக்கிளும் டிக் டிக் என்று சேர்ந்து சத்தம் போடும்.

"அன்று மழை விட்டு வெயில் வந்தது. வான் நின்றதும் அந்தச் சத்தம் ஞாபகம் வந்தது. பிறகு கோடு என் கண்ணில் படவில்லை. பிழை என்னுடையதுதான்."

அந்த அம்மா சிரித்தார். மற்ற இருவரோடும் குனிந்து பேசினார். பிறகு அபராதமும் மூன்று பொயின்ற்ஸும் போட்டார்.

வெளியே வந்ததும் தர்மிகா வெடித்தாள். "பயம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, அங்கிள்! அது பொய்யும் இல்லையே!"

"பயந்த நாளும் இருந்தது, பிள்ளை. ஆனா அவ கேட்டது அண்டைக்கு விடிய வந்ததையெல்லோ."

"இப்ப வான்?"

"பின்னேரம் வான் திறப்பைக் கொம்பனியிலை குடுக்கவேணும். அந்தப் பிள்ளையள் வேறை ஆளைக் கண்டால் ஏறமாட்டுதுகள். அதுதான் யோசினை."

அவர் படியில் இறங்கித் தெருவோரம் போய் நின்றார்.

தர்மிகா பெருமூச்சு விட்டாள். கோபத்தைப் பிடித்து வைக்க முடியாமல் சிரித்தாள். "எண்டாலும் ஆன்ரி, சோ ரொமான்ரிக்! நீங்களும் அங்கிளும் சென்றியிலை!"

கலாவதி கைப்பையின் ஸிப்பை இழுத்து மூடினாள்.

"நான் திருகோணமலையெல்லோ, பிள்ளை. இவரை நான் முதன்முதல் கண்டது ஹீத்ரோவிலை."

தர்மிகாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"அவவின்ரை பேர் அஜந்தா. நல்லாப் படிப்பாவாம்" என்றாள் கலாவதி. "வாறன் பிள்ளை. பெரிய உதவி."

இறங்கிப்போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

சிக்னலில் பச்சை விழுந்தது. காத்திருந்தவர்கள் எல்லோரும் கடந்து போனார்கள். செல்வரத்தினம் தெருவுக்கு அப்பால் எதையோ பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார். கலாவதி அவரைக் கூப்பிடவில்லை. பச்சை போய்ச் சிவப்பு வரும்வரை அவளும் அங்கேயே நின்றாள்.