காற்றை வெட்டும் கத்தரி

நாற்காலியில் வழுக்கைப் பெரியவர், அவர் முதுகுக்குப் பின்னே முடிதிருத்துபவன், வாசல் பெஞ்சில் செய்தித்தாளுக்குப் பின்னே நான். சென்ற முறை ஏதோ ஒரு கடையில் முடிவெட்டிக்கொண்டு இண்டர்வியூவுக்குப் போன தம்பியின் தலையைப் பார்த்தே சிரித்துவிட்டார்கள். அடுத்த இண்டர்வியூவுக்குக் கடையை நானே வேவு பார்க்கிறேன். கத்தரி ஓயாமல் கிச்கிச்சென்கிறது, தரையிலோ முடியே விழக் காணோம். தாளை இறக்கி உற்றுப் பார்க்கிறேன்: ஆள் வெறும் காற்றை வெட்டுகிறான். “நாலு முடிக்கு இவ்வளவு நேரமாப்பா?” என்கிறார் பெரியவர். “பின்னாடி அடர்த்தியா இருக்கே அண்ணே, அவசரப்பட்டா கெட்டுரும்.” பெரியவர் கண்ணாடியைப் பார்த்து நிமிர்ந்து உட்காருகிறார். கத்தரிக்காரன் என்னை ஒரு முறை முறைக்கிறான், வாயைத் திறந்துவிடாதே என்பதுபோல. சரியான புளுகன். இருந்தாலும் நாலு முடிக்காரரையே நிமிர வைத்தவனாயிற்றே; வெளியூரில் இருக்கும் தம்பிக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தின் கடைசியில், ‘இந்தக் கடைக்கே வா, ஆனால் நான் பக்கத்தில் நிற்பேன்’ என்று சேர்த்து, உறையை எச்சில் தொட்டு ஒட்டி, எதிரே இருக்கும் தபால் பெட்டியில் போடுகிறேன்.